தகடு அளவு வெயில்

பெயிண்ட் தொழிற்சாலையின் மொட்டை மாடியில் பன்னிரண்டு வரிசையாக இரும்புச் சட்டங்கள் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சட்டத்திலும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தகடுகளைத் திருகி வைத்திருப்பார்கள். சிவப்பு, பச்சை, சாம்பல் என்று பெயிண்ட் அடித்த தகடுகள். ஒவ்வொன்றின் கீழ்ப்பாதியும் அலுமினியத் தாளால் மூடியிருக்கும். மேல்பாதி வருஷக்கணக்காக வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டிருக்க, கீழ்ப்பாதி ஒன்றுமே தெரியாமல் உள்ளே தூங்கும். குறித்த நாள் வந்ததும் தாளைப் பிரித்து இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெயிண்ட் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். டப்பாவின் மேல் 'பத்து ஆண்டு உத்தரவாதம்' என்று அச்சடிப்பதற்கு முன்னால் யாராவது பத்து வருஷம் காத்திருந்து பார்க்கத்தானே வேண்டும்?

அந்த யாராவதுதான் வெயிலக்கா. உண்மையான பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. வயது முப்பத்தாறு, ஐம்பது வயது ஆட்கள்கூட வெயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிக்குப் போகும்போது முழுக்கைக் கோட்டு, கையுறை, தலையையும் கழுத்தையும் சுற்றித் துணி, வாய்க்கு முகமூடி, அதற்குமேல் அகலமான தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் தேன் எடுக்கப் போகிறவள் என்றுதான் நினைப்பார்கள். கண்ணும் மூக்கின் மேல் பாதியும் மட்டும் வெளியே தெரியும்.

மாடியில் அவளுக்கென்று ஒரு தகடு இருந்தது. முதல் வரிசையில் முதல் தகடு, நீல நிறம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் தன் கையால் பூசி, தன் கையால் தாள் சுற்றி, தன் கையால் திருகியது. அதற்குப் பத்து வருஷம் முடிய இன்னும் பதினொரு வாரம் இருந்தது. மாடிக்கு யார் பொறுப்போ அவர்தான் தாளைப் பிரிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் ஒரு வருஷமாகவே நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது.

"வைட்டமின் டி ஒன்பது" என்றார் நர்ஸம்மா, காகிதத்தைத் திருப்பி அவளிடம் காட்டி. "இருபதுக்கு மேலயாவது இருக்கணும். மாடிப்படி ஏறும்போது தொடை வலிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

விஷயம் ஆய்வகம் முழுக்கப் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆய்வகப் பொறுப்பாளருக்கு 'மைக்ரான்' என்று பட்டப்பெயர். பெயிண்ட் படலத்தின் கனத்தை மைக்ரான் கணக்கில்தான், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்த கணக்கில்தான் அளப்பார்கள். அவர் ரொட்டியில் தடவும் வெண்ணெயைக்கூட அப்படித்தான் அளப்பார் என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

"பத்து வருஷமா வெயில்லயே நிக்கிறீங்க. ஒன்பதா?"

"வெயில் தகட்டுக்கு சார். எனக்கு அலுமினியத் தாள்தான்."

கம்பெனி டாக்டர் வாரம் ஒரு மாத்திரை வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். போகிற போக்கில், "கொஞ்சம் வெயிலும் படட்டும்" என்றார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? வெயிலக்காவுக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது இந்தக் 'கொஞ்சம்'தான்.

வீட்டில் கேட்டுப் பார்த்தாள். கேட்டிருக்கவே கூடாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாத்தனார் மருந்துக் கடையில் கிரீம் வகைகள் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவள், இவர்களோடுதான் இருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் தங்கையும் தட்டை மறந்துவிட்டுச் சண்டைக்கு நின்றார்கள்.

"சன்ஸ்கிரீன் போடாம ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க அண்ணி. வெந்துடும். பத்து வருஷம் கழிச்சு முகம் சுருங்கி நிக்கும்போது என்னைக் கேக்காதீங்க."

"கிரீமைப் பூசிட்டா வைட்டமின் எங்கேருந்து வரும்? கதவை இழுத்துப் பூட்டிட்டு, உள்ள வாங்க உள்ள வாங்கன்னு விருந்தாளியைக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"நீ சும்மா இருண்ணே. நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள தொங்குற ஆளு வெயிலைப் பத்திப் பேச வந்துட்டான்."

"நீ மட்டும்? ஏசிக்குள்ள நின்னுக்கிட்டு வெயில் மருந்து விக்கிறவதானே?"

"சரி, ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றாள் வெயிலக்கா. சொல்லும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். இரண்டு பூச்சுகளில் எது நல்லது என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டால் ஆய்வகத்தில் என்ன செய்வார்கள்? இரண்டையும் மாடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

அடுத்த நாள் பதினொரு மணிக்குக் கோட்டின் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டாள். முன்கை இரண்டிலும் காகித டேப்பால் தகடு அளவுக்குக் கச்சிதமாக ஒரு செவ்வகம் ஒட்டினாள். தகட்டைத் தயார் செய்வது போலவே இரண்டு கைகளையும் ஒரே மாதிரி துடைத்துச் சுத்தம் செய்தாள். இடது கைக்கு ஒன்றும் பூசவில்லை. வலது கைக்கு நாத்தனார் கொடுத்த சன்ஸ்கிரீன். பூசிவிட்டு, ஈரப் பெயிண்டின் கனம் அளக்கும் சீப்பு மாதிரியான தகட்டை அதன்மேல் பதித்துப் பார்த்தாள். அறுபது மைக்ரான். ஒரு நல்ல பூச்சுக்கு வேண்டிய கனம். பத்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்துவிட்டுச் சட்டங்களுக்கு நடுவே அவளும் இரண்டு தகடுகளை நீட்டிக்கொண்டு நின்றாள். அலாரம் அடித்ததும் கையை மூடிக்கொண்டாள்.

நோட்டில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்தாள். தேதி, நேரம், வானம், வெப்பம், பூச்சு, கனம், எத்தனை நிமிஷம், குறிப்பு. ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் கூட்டினாள். முதல் ஐந்து நாளும் குறிப்பு என்ற பத்தியில் 'மாற்றமில்லை' என்றே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அறுபது மைக்ரானா? அண்ணி, இது கை. சுவர் இல்ல!"

ஆறாம் நாள் அரித்தது. எட்டாம் நாள் சிவந்தது. பத்தாம் நாள் தோல் காய்ந்து, வெள்ளையாகச் செதில் எழும்பி, நடுநடுவே மெல்லிய வெடிப்பு ஓடியது. நாலு பக்கமும் கோடு கிழித்தாற்போல ஒரு செவ்வகம். இடது கையிலும் அப்படியே, வலது கையிலும் அப்படியே.

வெயிலக்கா மாடியில் உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து படித்தாள். ஒரு முறை, இன்னொரு முறை, மூன்றாவது முறை. அவளுக்கு எப்போதும் தன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. கூட்டலைக்கூட மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போட்டுப் பார்ப்பாள். எப்படிப் படித்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றது. இரண்டு தகட்டிலும் ஒரே சேதம் என்றால் பூச்சைக் குறை சொல்ல முடியாது. கிரீம் போட்ட கையும் போய்விட்டது, போடாத கையும் போய்விட்டது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வெயில். அப்படியென்றால் வெயிலே அவள் உடம்புக்கு ஆகவில்லை.

இத்தனை வருஷமும் மூடிக்கொண்டே திரிந்ததால் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் மாத்திரை எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேட்கக் கூப்பிட்ட நர்ஸம்மா, ரத்த அழுத்தம் பார்க்கக் கையைச் சுருட்டச் சொன்னார். மறைக்க முடியவில்லை. வெயிலால் வந்ததாகத் தெரிகிறது என்று வெயிலக்காவே வாக்குமூலம் கொடுத்தாள். அன்று மாலைக்குள் ஒரு படிவம் வந்துவிட்டது. தோல் டாக்டரைப் பார்த்து, இரண்டு கட்டங்களில் ஒன்றில் டிக் வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். 'வெயிலில் பணிபுரியத் தகுதி உண்டு.' 'தகுதி இல்லை.'

"பயப்படாதீங்க" என்றார் மைக்ரான். அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "வேலை எங்கேயும் போகாது. கீழ விளக்குப் பெட்டிக்கு ஒரு ஆள் வேணும்தான். நிழல்ல, நிம்மதியா உக்காந்துக்கலாம்."

விளக்குப் பெட்டி தரைக்குக் கீழே ஜன்னலில்லாத அறையில் இருந்தது. பத்து வருஷ வெயிலை விளக்கு வெளிச்சத்தாலேயே சில மாதங்களில் காட்டிவிடும் என்று சொல்லி வாங்கிய இயந்திரம். நாள் முழுக்க ஒரே சுருதியில் உறுமும். அங்கே மேகம் கிடையாது, காற்று கிடையாது, தகட்டில் எச்சம் போட்டுவிட்டுப் போகும் காக்கை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, நீலத் தகடு அங்கே கிடையாது. அதை வேறு யாரோ பிரிப்பார்கள். எவ்வளவு வெளுத்தது என்ற எண்ணை மட்டும் அவளிடம் வந்து சொல்வார்கள்.

தோல் டாக்டருக்கு வியாழக்கிழமை நேரம் கிடைத்தது. நாத்தனார் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். காத்திருக்கும் இடத்தில் உட்காரவே மாட்டேன் என்றாள். சுவரில் ஒட்டியிருந்த தோல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வருத்தப்பட்டாள்.

"என் கிரீமாலதான் வந்துச்சுன்னா மறைக்காம சொல்லிடுங்க அண்ணி. நான் தாங்கிக்குவேன்."

"கிரீம் போடாத கையிலயும்தானே இருக்கு."

"அப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவால்லன்னு சொன்னது கிரீமுக்கு. உங்களுக்கு இல்ல."

டாக்டர் நடுவயது அம்மா. கையைப் பிடித்து விளக்குக்கு அடியில் திருப்பினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடது கையையும் வலது கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, ஸ்கேல் வெச்சா வரைஞ்சீங்க?"

வெயிலக்கா நோட்டை நீட்டினாள். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது வெயிலக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இவ்வளவு ஒழுங்கா எழுதிக்கிட்டு வர்ற ஆளை நான் பார்த்ததில்ல" என்றார் கடைசியில். "சரி, முகத்துல கண்ணைச் சுத்தியும் மூக்கு மேலயும் வெயில் படுதுதானே? எத்தனை வருஷமா?"

"பத்து வருஷமா."

"அங்க ஒண்ணும் வரலையே?"

வெயிலக்கா மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இல்ல."

"அப்ப வெயில் மேல இவ்வளவு சீக்கிரம் பழி போட வேண்டாம். மாடியில கையில என்னென்ன படுதுன்னு வரிசையா சொல்லுங்க. ஒண்ணு விடாம."

"கையைச் சுருட்டுவேன். டேப் ஒட்டுவேன். துடைப்பேன். வலது கையில பூசுவேன், அளப்பேன். அலாரம் அடிக்கிற வரைக்கும் நிப்பேன். அப்புறம் டேப்பை எடுத்துடுவேன்."

"துடைப்பேன்னீங்களே, அது நோட்டுல இல்லையே."

"அதை எழுத மாட்டோம் டாக்டர். அது எல்லாத் தகட்டுக்கும் எப்பவும் செய்யுறது. சோதனையில சேராது."

"எதால துடைக்கிறீங்க?"

"வழக்கமா துடைக்கிறதாலதான்."

"வழக்கமான்னா?"

"தின்னர்."

நாத்தனார் நாற்காலியோடு முழுதாகத் திரும்பினாள்.

"அண்ணி! பெயிண்ட் கரைக்கிற தின்னரா?"

"துடைக்காம எப்படிப் பூசறது? பிசுக்கு மேல பூசினா பிடிக்காதே, உரிஞ்சு வந்துடுமே" என்றாள் வெயிலக்கா. சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதே கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். உதட்டை அழுத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார்.

"அந்தப் பிசுக்குதாம்மா தோலுக்குக் காவல். அதைத் தினமும் தின்னரால எடுத்துட்டா தோல் காய்ஞ்சு வெடிக்காம என்ன செய்யும்? அதுக்கு மேல டேப் வேற ஒட்டிப் பிச்சிருக்கீங்க. ரெண்டு கையையும் சமமா துடைச்சதால ரெண்டுலயும் சமமா வந்திருக்கு. நான் பார்க்கிற வரைக்கும் இது வெயிலும் இல்ல, கிரீமும் இல்ல."

"நிச்சயமாவா?"

"சந்தேகமா இருந்தா உங்க பாணியிலயே பார்த்துடுவோம். துடைக்கிறதை நிறுத்துங்க, டேப்பை நிறுத்துங்க, இந்தக் களிம்பைப் போடுங்க. ரெண்டு வாரத்துல ஆறலைன்னா வாங்க, வேற சோதனை பண்ணலாம். ஆறிடும்னுதான் நினைக்கிறேன்."

படிவத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டார். அடியில் 'தோலில் கரைப்பான்கள் படக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெயிலக்கா டிக் சரியான கட்டத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதை நாத்தனார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

"கொஞ்சம் வெயில்னு சொன்னாங்க டாக்டர். கொஞ்சம்னா எவ்வளவு?"

"குறைஞ்சுபோன வைட்டமினை மாத்திரை பார்த்துக்கும். அதுக்காக நீங்க போய் வேக வேண்டாம். தினமும் ஒரு பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம் கை மட்டும் காத்தாட இருக்கட்டும். சிவக்கிற வரைக்கும் நிக்காதீங்க. அதுக்கு மேல மாடியில இருந்தீங்கன்னா கிரீம், முழுக்கை, தொப்பி எல்லாம் வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீமைத் திரும்பப் பூசுங்க."

"கிரீம் போட்டா வைட்டமின் வராதுன்னு வீட்டுல ஒருத்தர் சொல்றார்" என்றாள் நாத்தனார், சந்தர்ப்பத்தை விடாமல்.

"சாதாரணமா பூசுற ஆளுங்களுக்கு அது பெரிய தடையெல்லாம் இல்ல. பாதிப் பேர் பேருக்குத் தொட்டுக்கிறதோட சரி." டாக்டர் நோட்டைத் திரும்ப ஒரு முறை பார்த்தார். "இவங்க கதை வேற. அறுபது மைக்ரானா? மூணுல ஒரு பங்கு போதும்மா. இப்படிப் பூசினா கடையே காலியாயிடும்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நாத்தனார் விலா நோகச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தான், குரல் எதிரொலித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை.

"ஏம்மா, ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்கதானே? நல்லா கேட்டியா?"

"நல்லா கேட்டேங்க. எழுதியே கொடுத்துட்டாங்க" என்றாள் வெயிலக்கா.

பெரிய மூச்சு ஒன்று குழிக்குள் மேலும் கீழும் போய் வந்தது. "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். போன வருஷம் முட்டி வலிச்சப்ப லிஃப்ட் கிரீஸைத் தடவிப் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல."

"வலி போச்சா?"

"பேண்ட்டு போச்சு."

வெள்ளிக்கிழமை காலை படிவத்தை மைக்ரான் மேஜையில் வைத்தாள். அவர் முதலில் டிக்கைப் பார்த்தார், தலையாட்டினார். கீழே எழுதியிருந்த வரிக்கு வந்ததும் நின்றார். வெயிலக்கா நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார். விரல் நுனிகள் வெடித்து, நகத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் செதில் எழும்பியிருந்தது.

"சாயங்காலம் பெயிண்ட் கறை போக நானும் இதாலதான் கை துடைக்கிறேன். பதினேழு வருஷமா. வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அன்று மதியம் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த தின்னர் புட்டி காணாமல் போய், சோப்பு வந்தது. திங்கட்கிழமை எல்லோருடைய பதிவேட்டிலும் ஒரு புதுப் பத்தி முளைத்தது: 'எதால் துடைத்தது.' மாற்றமே இல்லாத ஒன்றைத் தினமும் எழுத வேண்டுமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். வெயிலக்கா தினமும் எழுதினாள்.

கை பன்னிரண்டு நாளில் ஆறியது. செவ்வகம் மட்டும் மங்கலான ஒரு நிழலாக இன்னும் சில வாரம் கிடந்தது. எட்டு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் முப்பத்தொன்று என்று வந்தது. தொடை வலி எந்த நாளில் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை; அதை நோட்டில் குறிக்க விட்டுப்போனது அவளுக்குச் சின்ன வருத்தம்தான்.

நீலத் தகட்டின் நாள் வந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மைக்ரான் நிறம் அளக்கும் கருவியோடு மேலே ஏறி வந்தார். வெயிலக்கா கோட்டின் கைகளை முழங்கை வரை சுருட்டி, அலாரம் வைத்து, முதல் வரிசை முதல் சட்டத்தின் முன்னால் முழந்தாளிட்டாள். நாலு திருகுகளும் துருப்பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கழற்றினாள். தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளே மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

தாள் உரிந்து வந்தது. கீழே அந்த நீலம், அன்று பூசிய ஈரம் இன்னும் காயாததுபோலப் பளபளத்தது. மேல்பாதி வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் அவள் பயந்த அளவுக்கு இல்லை. வெடிப்பு ஒன்றுகூட இல்லை. தகட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தகட்டைப் பிடித்திருந்த கைகளில், கையுறைக்குள் இருந்த இடம் ஒரு நிறம், மணிக்கட்டுக்கு மேலே வெயில் பட்ட இடம் ஒரு நிறம் என்று அவள் தோலும் இப்போது இரண்டு நிறமாக இருந்தது.

"எப்படி இருக்கு? கொடுங்க, அளந்துடலாம்" என்று மைக்ரான் கையை நீட்டினார்.

அலாரம் அடித்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் வெயிலக்கா. தகட்டைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, பையிலிருந்து சன்ஸ்கிரீன் குழாயை எடுத்துக் கையில் கொஞ்சம் பிதுக்கினாள். எவ்வளவு என்று அளக்கவில்லை. தேய்த்துக்கொண்டு, கோட்டின் கையை இறக்கிவிட்டாள்.

"இப்ப அளங்க. எண்ணை மட்டும் நான்தான் எழுதுவேன்."